பொன்னாடைக் கரையில் முதலாளி பெயர்

கந்தல் துணியைக் காவல் காப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். துபாயில் என்ன வேலை என்று யாழ்ப்பாணத்தில் யாராவது கேட்டால் "மியூசியத்தில்" என்று சொல்லி முடித்துவிடுவேன். மியூசியம் என்றதும் அவர்கள் தங்க வாளையும் வைரக் கிரீடத்தையும் நினைத்துக்கொள்வார்கள். நானும் திருத்துவதில்லை. உண்மையில் நான் பார்த்துக்கொள்வது, ஆயிரம் வருஷத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்து தேயிலை வடித்த துணியின் நிறத்துக்கு வந்துவிட்ட துண்டுகளை. பெரியது தலையணை உறை அளவு இருக்கும். சிறியது கைக்குட்டையில் பாதி. ஒவ்வொரு துண்டுக்கும் பெரிய தொகைக்கு இன்சூரன்ஸ் போட்டிருக்கிறார்கள். எனக்குக் கொடுத்திருக்கிற இன்சூரன்ஸில் பல் வைத்தியம் சேராது.

ஒரு பெரிய பணக்காரரின் சேகரிப்பு அது. அந்தத் துண்டுகளின் பெருமையெல்லாம் அவற்றில் ஓடுகிற ஒரு வரி எழுத்தில் இருக்கிறது. இஸ்லாமிய ஆட்சியின் முதல் நூற்றாண்டுகளில் கலீபாக்களுக்கென்று தனித் தறிக்கூடங்கள் இருந்தன. அங்கே நெய்த துணியின் கரையில் இறைவன் பெயர், அதன்பின் ஆட்சியில் இருக்கிற கலீபாவின் பெயர், அவர் நீடூழி வாழ வாழ்த்து, எந்த ஊர்க் கூடத்தில் செய்தது, எந்த வருஷம் என்று பட்டு நூலில் ஓட விடுவார்கள். வேலையை மேற்பார்வை பார்த்த அமைச்சரோ அதிகாரியோ தன் பெயரையும் நைசாக உள்ளே நுழைத்திருப்பார். நெய்தவர் பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பது குதிரைக் கொம்பு. கல்லிலும் காசிலும் பெயர் பொறித்தது போதாதென்று துணியிலும் பொறித்திருக்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. ஆண்கள் முழுப் பட்டு உடுத்துவது மார்க்கத்தில் விரும்பப்படவில்லை. கரையில் சில விரல் அகலம் பட்டு இருந்தால் பரவாயில்லை என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அதனால் பல துணிகளில் உடம்பு முழுக்க லினன், எழுத்து மட்டும் பட்டு. அனுமதித்த அந்தக் கொஞ்சப் பட்டையும் முழுசாகப் பெயர் போடுவதற்கே செலவழித்திருக்கிறார்கள். முழுப் பட்டும் இல்லாமல் இல்லை, எங்களிடமே இரண்டு மூன்று இருக்கின்றன. அதை உடுத்தியவர் யாரிடம் என்ன சமாதானம் சொன்னாரோ தெரியாது.

இந்தத் துணியைக் கலீபா தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. புதிதாகப் பதவி பெற்றவருக்கு, போரில் ஜெயித்துவந்த தளபதிக்கு, தூர தேசத்துத் தூதருக்கு என்று சபை நடுவில் அங்கியாகப் போர்த்துவார். போர்த்திக்கொண்டவர் தோளில் இன்னொருவர் பெயரோடு வீட்டுக்குப் போவார். அதுதான் மரியாதை. அந்த அங்கியை வாங்கிக்கொண்டால் இன்னாருடைய ஆள் என்று ஊருக்கே தெரிந்துவிடும். மாகாண ஆளுநர் ஒருவன் கரையில் கலீபாவின் பெயரைப் போடாமல் விட்டால் கலகம் செய்கிறான் என்று அர்த்தம். செத்தபிறகு சிலரை அதிலேயே சுற்றிப் புதைத்தார்கள். எகிப்தின் காய்ந்த மண்ணில் அப்படித்தான் இந்தத் துண்டுகள் தப்பிப் பிழைத்தன. பிற்காலத்தில் தோண்டி எடுத்த வியாபாரிகள் எழுத்து இருந்த பகுதியை மட்டும் வெட்டி விற்றார்கள். மிச்சத் துணியை எறிந்துவிட்டார்கள், அதில் சுற்றிக் கிடந்த ஆளையும்தான்.

இந்தத் துண்டுகளை வைத்து ஒரு கண்காட்சி போட்டோம். அதைப் பார்க்க எங்கள் தமிழ்ச் சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்தது. துபாயின் அல் குசைஸ் பகுதியில் இருக்கிற பல சங்கங்களில் எங்களுடையதும் ஒன்று. பெரும்பாலும் தமிழ்நாட்டுக்காரர்கள். நான் ஒருத்திதான் செயற்குழுவில் இலங்கை. "சிஸ்டர் பேசுற தமிழைக் கேட்டுக்கிட்டே இருக்கலாம்" என்று சொல்லி ஒவ்வொரு விழாவிலும் எனக்கு நன்றியுரையைக் கொடுத்துவிடுவார்கள். நன்றியுரை நேரத்தில் அரங்கில் ஒரு குஞ்சு குருமான் இருக்காது. எல்லோரும் பிரியாணி வரிசையில் நிற்பார்கள்.

சங்கத் தலைவர் ஏசி குழாய் விற்கிற கம்பெனியில் மேனேஜர். உள்ளே வந்ததும் சுற்றிலும் பார்த்தார்.

"என்ன சிஸ்டர் இவ்வளவு இருட்டா இருக்கு, கரண்ட் பில் கட்டலையா?"

"வெளிச்சம் பட்டா இந்தப் பட்டு பழுதாப் போயிடும் அண்ணை."

"இதுல இனிமே பழுதாப் போறதுக்கு என்ன இருக்கு?"

நியாயமான கேள்விதான். அடுத்த கண்ணாடிப் பெட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதில் நீல லினனில் சிவப்புப் பட்டெழுத்து கொஞ்சம் தெளிவாகத் தெரியும்.

"இது யார் பேரு?"

"கலீபாவின்ர பேர்."

"அவரு போட்டுக்கிட்டதா?"

"இல்லை, அவர் மற்ற ஆக்களுக்குப் போர்த்திறதுக்குக் குடுத்தது."

"போர்த்துற துணியிலயே போர்த்துறவர் பேரா!" என்றார் தலைவர். பிறகு குனிந்து அந்தக் கரையைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். ஏதோ வரப்போகிறது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் சங்கத்துப் பொன்னாடைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மீனா பஜாரில் மொத்தமாக வாங்குவது. பொன்னும் இல்லை, பட்டும் இல்லை, பாலியெஸ்டர். நெருப்புப் பக்கத்தில் போனால் உருகிவிடும். அதைப் போர்த்திக்கொண்டவர் வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்திருந்து, வேறொரு சங்க விழாவில் வேறொரு பிரமுகருக்குப் போர்த்துவார். அவர் இன்னொருவருக்கு. ஒரே பொன்னாடை எனக்கு இரண்டாம் தடவையும் வந்து சேர்ந்தது. மூலையிலிருந்த மீன்குழம்புக் கறையை வைத்து அடையாளம் கண்டேன்.

பெயர் நெய்துவிட்டால் இந்தச் சுற்று நின்றுவிடும் என்று தலைவருக்குப் பளிச்சென்று பட்டுவிட்டது. அடுத்த செயற்குழுவில் அறிவித்தார். ஆண்டு விழாவுக்கு ஊரிலிருந்து உண்மையான பட்டு வருகிறது, கரையில் ஜரிகையில் எழுத்து ஓடும், முழுச் செலவும் ஸ்பான்சர் ஏற்றுக்கொண்டார் என்றார். ஸ்பான்சர் ஏற்றுக்கொள்ளாமல் என்ன செய்வார்? கரையில் ஓடப்போவது அவர் பெயர்தானே. கோயில் டியூப் லைட்டில் வெளிச்சம் வெளியே வராதபடி உபயதாரர் பெயர் எழுதுகிற பரம்பரைக்கு இதெல்லாம் சொல்லியா தர வேண்டும்?

அதன்பிறகு வாட்ஸப்பில் ஒரு வாரம் போர் நடந்தது. ஸ்பான்சர் பெயருக்குப் பின்னால் சங்கத்தின் பெயரா, தலைவர் பெயரா என்று ஆரம்பித்தது. செயலாளர் தன் பெயர் இல்லாவிட்டால் ராஜினாமா என்றார். பொருளாளர் பெயர் வேண்டாம், பதவி மட்டும் போதும் என்று பெருந்தன்மையாக எழுதிவிட்டு, அரை மணி நேரத்தில் பெயரையும் அனுப்பினார். ஆயிரம் வருஷத்துக்கு முன் பாக்தாத்தில் அமைச்சர்களும் இப்படித்தான் அடித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துச் சிரித்தேன். நெசவாளி பெயரைப் போட்டால் என்ன என்று குழுவில் எழுதிப் பார்த்தேன். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டார்கள்.

அந்த ஸ்பான்சர்தான் எங்கள் கண்காட்சிக்குக் கண்ணாடிப் பெட்டிகள் செய்து கொடுத்த கம்பெனியின் முதலாளி. தமிழ்நாட்டுக்காரர். பட்டறையும் அல் குசைஸில்தான். கண்காட்சி துபாயில் முடிந்ததும் ஓமானில் சோஹாருக்குப் போக வேண்டும். பெட்டிகளையும் கழற்றி லாரியில் ஏற்றி அங்கே மறுபடி பூட்ட வேண்டும். இந்த வேலையெல்லாம் அவருடைய ஃபோர்மேன் ஒருவரின் பொறுப்பு. சிவகங்கைப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தச்சராக வந்து ஃபோர்மேன் ஆனவர். ஜெபல் அலிப் பக்கம் தொழிலாளர் கேம்பில் இருந்தார். முதலில் என்னை மேடம் என்றார், பிறகு தங்கச்சி என்றார். கண்ணாடி மூடியை ரப்பர் பிடி வைத்துத் தூக்கும்போது, கீழே கிடக்கிற துணிக்கு மூச்சுக் காற்றுகூடப் படாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இதொன்றும் அவருக்கு மட்டும் தெரிந்த தேவ ரகசியம் இல்லை. அவருக்குக் கீழே வேலை செய்த இரண்டு பேரையும் அவரே பழக்கி வைத்திருந்தார், அவர்களும் அப்படித்தான் தூக்குவார்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

ஒருநாள் பெட்டிகளின் பூட்டைச் சரிபார்க்க வந்தவர், வேலை முடிந்தபிறகும் போகாமல் நின்றார்.

"தங்கச்சி, இந்தத் துணியெல்லாம் சோஹாருக்கு எப்பப் போகுது? கொஞ்சம் முன்ன பின்ன ஆகுமா?"

"ஏன் அண்ணை?"

"வீட்டுல அவளுக்கு நெஞ்சுல வால்வு மாத்தணும்னு சொல்லிட்டாக. மதுரையில தேதியும் குடுத்துட்டாக. நாம இங்க பெட்டியைக் கழட்டுற வாரம்தான்."

"லீவு கேட்டனீங்களோ?"

"கேட்டேன். சோஹார் முடியட்டும்னுட்டாரு. நான் இல்லாட்டி அந்த வேலை ஓடாதாம்."

"பாஸ்போர்ட் ஆரிட்ட?"

"ஆபீஸ் லாக்கர்ல. தொலைஞ்சுறக் கூடாதுன்னு அவுகளே வச்சிருக்காக." சொல்லிவிட்டு அவர் கொஞ்சம் சிரித்தார். "பயமா இருக்கு தங்கச்சி. அவ ஒத்தையில போயிப் படுக்கணும். கையெழுத்துப் போட நான் இருக்கணும்ல?"

நம் ஆட்களுக்கு லீவு மறுப்பதற்கு ஆயிரம் வழி இருக்கிறது. அதில் மலிவானது, நீ இல்லாவிட்டால் நடக்காது என்று சொல்வது. கேட்பவருக்கும் அது பெருமையாகப் போய்விடும், எதிர்த்துப் பேச நா வராது. எனக்கு வந்த கோபத்துக்கு நேரே கண்காட்சிக்குப் பொறுப்பான எங்கள் கியூரேட்டரிடம் போனேன். அவர் ஐரோப்பிய அம்மணி, இந்தப் பட்டெழுத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். விஷயத்தைச் சொன்னேன். இந்த ஒரு ஆள் இல்லாமலும் எங்களுக்குப் பெட்டி கழற்ற முடியும் என்று கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டால் போதும் என்றேன். அம்மணியின் கண் கலங்கிவிட்டது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பிறகு, இது ஒப்பந்தக்காரரின் உள்விவகாரம், நாம் தலையிட முடியாது, ஆனால் தன் மனம் அந்தக் குடும்பத்தோடு இருக்கிறது என்றார். மனம் எங்கே இருந்தால் யாருக்கு என்ன? மெயில் போகவில்லை.

முதலாளிக்கும் நானே போன் போட்டேன். "மேடம், உங்க சரக்கு என்ன சாதாரணச் சரக்கா? வேற ஆளை விட்டு ஒரு நூல் அறுந்தா நாளைக்கு யார் பதில் சொல்றது? உங்க நல்லதுக்குத்தான் நான் இவ்வளவும் பாக்குறேன்" என்றார். என் கந்தல் துணியையே எடுத்து என் வாயை அடைத்துவிட்டார். இப்படி ஒரு ஆளிடம் எப்படிப் பேசுவது?

கடைசியில் விஷயம் சங்கத் தலைவர் காதுக்குப் போனது. ஃபோர்மேன் அண்ணன் எங்கள் சங்க மேடையைச் சும்மா கட்டித் தருகிறவர். அந்த நன்றி தலைவருக்கு இருந்தது. அவர் ஒரு யோசனை சொன்னார்.

"மேடையில வச்சுக் கேட்டுருவோம் சிஸ்டர்."

"மேடையிலயோ? தனியாக் கேட்டே குடுக்காத மனுசன் மேடையில எப்பிடிக் குடுப்பார்?"

"உங்களுக்கு எங்க ஊர் சமாச்சாரம் தெரியாது. பொன்னாடையைப் போர்த்தி, மாலையைப் போட்டு, நாலு வார்த்தை புகழ்ந்துட்டு, அந்தச் சூட்டோட மைக்கில ஒரு வேண்டுகோள் வச்சா, எந்த மனுஷனும் இல்லைன்னு சொல்ல மாட்டான். ரோடு, பஸ் ஸ்டாண்டு, பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் எல்லாம் இப்படி வாங்கினதுதான்."

எங்கள் ஊரிலும் இந்தச் சமாச்சாரம் உண்டு. மந்திரிமார் மாலையோடு நின்று தருகிறேன் என்று சொன்னவற்றை எண்ணத் தொடங்கினால் விடிந்துவிடும். ஆனால் இந்த யோசனையைக் கேட்டதும் ஃபோர்மேன் அண்ணனின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தபிறகு எனக்கு அதற்குமேல் பேச மனம் வரவில்லை. அவர் மனைவிக்குப் போன் போட்டு, "சனிக்கிழமை தெரிஞ்சுரும்" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

சனிக்கிழமை மாலை ஒரு பள்ளிக்கூட அரங்கில் விழா. இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண்பிள்ளை, பட்டுப்பாவாடை கட்டி, "குட் ஈவ்னிங் எவ்ரிபடி, தமிழ் இஸ் அவர் மதர் டங்" என்று தொகுத்து வழங்கினாள். பொன்னாடைகள் தாம்பாளத்தில் அடுக்கி வந்தன. குறை சொல்லக் கூடாது, நல்ல பட்டுத்தான். மஞ்சளில் அரக்குக் கரை. கரை நெடுக முதலாளியின் பெயர், மேலும் மேலும் அதே பெயர். இரண்டு முனையிலும் சங்கம், தலைவர், செயலாளர், பொருளாளர். கலீபாக்களாவது முதலில் இறைவன் பெயரைப் போட்டுவிட்டுத்தான் தங்கள் பெயரைப் போட்டார்கள்.

முதலாளி தன் கையால் முக்கியஸ்தர்களுக்கெல்லாம் தன் பெயரைப் போர்த்தினார். எல்லோருக்கும் முடிந்தபிறகு தலைவர் முதலாளிக்கே ஒன்றைப் போர்த்தினார். தன் பெயரைத் தானே போர்த்திக்கொண்டு அந்த மனிதர் நின்ற அழகை நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். மனம் சரியில்லாத நாளில் எடுத்துப் பார்ப்பேன்.

பிறகு தலைவர் மைக்கைப் பிடித்தார். முதலாளி ஒரு வள்ளல் என்றார். பாலைவனத்தில் பால் வார்த்தவர் என்றார். ஐஸ் வைத்தார் என்றால் சாதாரண ஐஸ் இல்லை, தன் கம்பெனியின் ஏசி குழாய் முழுவதையும் கொண்டுவந்து வைத்தது போல் இருந்தது. மேடையின் ஓரத்தில், திரைச்சீலைப் பக்கத்தில் ஃபோர்மேன் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. தலைவர் ஒருவழியாக விஷயத்துக்கு வந்தார். வந்ததும் அவர் குரல் கம்மியது. நேரே கேட்க வந்த மனிதர், சுற்றிவளைத்து, "நம்ம ஃபோர்மேன் அண்ணன் வீட்ல கொஞ்சம் உடம்பு முடியலை... முதலாளி பார்த்து... மனசு வைக்கணும்" என்று முடித்துக்கொண்டார். லீவு என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை.

முதலாளி ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. மைக்கை வாங்கினார். ஃபோர்மேனைக் கைகாட்டி மேடை நடுவுக்குக் கூப்பிட்டார். தன் தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து விரித்து, அவர் தோளில் போர்த்தினார். அரங்கம் அதிர்ந்தது. தனக்குப் போர்த்தியதை எடுத்து அடுத்தவருக்குப் போர்த்தினால் நம் ஆட்கள் உருகிப்போவார்கள், அதைவிடப் பெரிய பெருந்தன்மை உலகத்தில் இல்லை என்று நினைப்பார்கள்.

"இவரு என் தொழிலாளி இல்லைங்க. என் உடன்பிறப்பு" என்றார் முதலாளி. கைதட்டல். "இவரு சம்சாரத்துக்கு நெஞ்சுல ஆபரேஷன். வேற ஒருத்தனா இருந்தா என்ன செய்வான்? போட்டது போட்டபடி ஓடிருப்பான். இந்த மனுஷன் போகலை! கடமைதான் முக்கியம்னு நிக்கிறாரு! இப்படி ஒரு தமிழன் என்கிட்ட இருக்கிறது நான் செஞ்ச புண்ணியம்." மறுபடியும் கைதட்டல். சிலர் எழுந்து நின்றார்கள். "சோஹார் வேலை முடியட்டும். நானே டிக்கெட் போட்டு அனுப்பி வைக்கிறேன். பிசினஸ் கிளாஸ்!"

விசில் பறந்தது. ஃபோர்மேன் அண்ணன் இரண்டு கையையும் குவித்து முதலாளியைக் கும்பிட்டார். பிறகு சபையைப் பார்த்துக் கும்பிட்டார். அவர் கண்ணிலிருந்து நீர் வடிந்தது. எனக்கு முன்னால் இருந்த அம்மா, "பாவம், சந்தோஷம் தாங்கலை" என்று தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார். லீவு கேட்கப் போனவரை, லீவே கேட்காத உத்தமர் என்று ஆக்கிக் கீழே இறக்கிவிட்டார்கள். தலைவர் என் பக்கத்தில் வந்து, "பாத்தீங்களா சிஸ்டர், டிக்கெட்டே வாங்கிக் குடுத்துட்டோம்!" என்றார். அவர் நடிக்கவில்லை. உண்மையிலேயே ஜெயித்துவிட்டதாக நம்பினார்.

வழக்கம்போல நன்றியுரைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நான் மைக்கின் முன்னால் போய் நின்று, எழுதி வைத்திருந்ததை மடித்துவிட்டு, இந்த அண்ணனின் மனைவிக்கு ஆபரேஷன் சோஹாருக்கு முதலே வருகிறது, லாக்கரைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுக்கச் சொல்லி எல்லோருமாகக் கேட்போம் என்று சொன்னேன். காலி நாற்காலிகள் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தன. கதவுக்கு வெளியே பிரியாணி மணத்தது. ஸ்பீக்கர் வாடகைக்குக் கொண்டுவந்த பெஷாவர்க்காரர் மட்டும் பொறுமையாக நின்றார். நான் நிறுத்தியதும், "மேடம், கலாஸ்?" என்று, முடிந்ததா என அரபியில் கேட்டுவிட்டு வயரைச் சுருட்டத் தொடங்கினார்.

வெளியே ஃபோர்மேன் அண்ணனைச் சுற்றிச் செல்ஃபி கூட்டம். அது கலைந்தபிறகு அவரிடம் போனேன்.

"அண்ணை, நாளைக்கே ஆபீசுக்குப் போய் ஒற்றைக் காலில நில்லுங்கோ. ஏலாதெண்டா லேபர் ஆபீசுக்குப் போவம், நானும் வாறன்."

அவர் தோளில் கிடந்த பட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார். "எப்படித் தங்கச்சி? அம்புட்டுப் பேருக்கும் முன்னாடி இதைப் போத்தி உடன்பிறப்புன்னு சொல்லிட்டாரு. இதுக்கு மேல போயி நின்னா நன்றி கெட்டவன்னுல சொல்லுவாக?"

அங்கியை வாங்கிக்கொண்டவர் அதன்பின் அந்தச் சபைக்குக் கட்டுப்பட்டவர் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இருட்டில் நின்று விளக்கம் சொல்கிறவள் நான். அதற்கு ஒரு உயிருள்ள உதாரணம் பிரியாணித் தட்டோடு முன்னால் நின்றது. லேபர் ஆபீஸ் என்று திரும்பவும் சொன்னேன், கெஞ்சிக்கூடப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார், வரவில்லை.

ஆபரேஷன் நாளன்று நாங்கள் துபாய் அரங்கில் பெட்டிகளைக் கழற்றிக்கொண்டிருந்தோம். அவர் போனை ஒரு மரப்பெட்டியின் மேல் வைத்துவிட்டு, ஒவ்வொரு மூடியாகத் தூக்கினார். உட்காருங்கோ என்றேன், சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றார். கையெழுத்தை அவர் மச்சினன் போட்டிருந்தார். மதியத்துக்கு மேல் மச்சினன் கூப்பிட்டு, நல்லபடியாக முடிந்தது என்றார். அண்ணன் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து விம்மி அழுதார். அந்த நேரத்தில் மிச்ச மூடிகளை அவர் பழக்கிய இரண்டு பேரும் தூக்கி முடித்துவிட்டார்கள். ஒரு நூல் அறுந்திருக்குமா? ஒரு நூலும் அறுபடவில்லை. கியூரேட்டர் அம்மணி கைதட்டி, எல்லோருக்கும் டோனட் வரவழைத்தார்.

அடுத்த வாரம் சோஹார். பெட்டிகளை மறுபடி பொருத்தி, துணிகளை உள்ளே கிடத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அவர் மனைவி வீடியோவில் கூப்பிட்டார். அன்றுதான் வார்டுக்கு மாற்றியிருந்தார்களாம். அண்ணன் கை இரண்டிலும் வெள்ளை உறை, கழற்ற நேரமில்லை, போனை நான்தான் அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். அந்த அம்மா மெலிந்து கிடந்தார். குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"சாப்பிட்டீகளா?"

"ஆச்சு. வலிக்குதாடி?"

"இருமுனா வலிக்குது." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "சங்கத்துல உங்களுக்குப் பட்டுப் போத்துனாகள்ல, அந்த வீடியோ இங்க எல்லாரு போனுக்கும் வந்துச்சு. ஆபரேஷனுக்கு மொத நாளு. நர்ஸுப் பிள்ளைக கூடப் பாத்துச்சுக."

"ம்."

"நான் ஆபரேஷனுக்குக் கெடக்கேன், நீங்க வர மாட்டேன்னு நிக்கிறீகன்னு அந்த ஆளு சொன்னாரு. அதுக்கு அம்புட்டுப் பேரும் கைதட்டுனாக. சரி, அவுகளுக்கு என்ன தெரியும்." மறுபடியும் மூச்சு வாங்கினார். "நீங்க எதுக்குக் கும்புட்டீக?"

அவர் தன் வெள்ளை உறைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பழக்கம்டி" என்றார்.

அந்தப் பக்கம் அந்த அம்மா போனைத் தன் தம்பி கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.